விலக்கு கேட்டு ஒரு விண்ணப்பம்

போன ஆண்டு அத்தான் என்னிடம் ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். "நீதான் இன்ஜினியராச்சே, இங்கிலீஷ் நல்லா எழுதுவ. பாப்பா ஸ்கூலுக்கு ஒரு லெட்டர் போட்டுக் கொடு தம்பி." எதுக்கு என்று கேட்டேன். "தமிழ்ப் பாடத்துலேர்ந்து விலக்கு வேணும்னு."

அக்கா குடும்பம் ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குக் குடிபோய் அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பாப்பா தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு வரை படித்தவள். திருக்குறள் ஒப்பிக்கும் போட்டியில் வாங்கிய கோப்பை இன்னும் எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தமிழிலிருந்து விலக்கு.

மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். காரணம் என்று என்ன எழுதுவது? விலக்கு என்பது தமிழே படிக்காமல் வெளிநாட்டில் வளர்ந்து பாதியில் வந்து சேரும் பிள்ளை போன்றோருக்காக வைத்திருக்கும் ஏற்பாடு. இவளுடைய பழைய மதிப்பெண் அறிக்கையில் தமிழுக்கு நேராகத் தொண்ணூறுக்கு மேல் இருக்கிறது. கடிதம் எழுத வேண்டுமானால் இவள் தமிழ்ப்பள்ளியில் படித்ததை மறைக்க வேண்டும். மூன்று வருடத்தை ஒரு குற்றப் பதிவு மாதிரி ஒளித்து வைக்க வேண்டும். என்னால் எழுத முடியவில்லை என்று சொன்னேன். அத்தான் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

அந்த மூன்று மாதத்தில் நான் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். குடும்ப விஷயத்தை ஏன் இலக்கிய இதழில் எழுதுகிறாய் என்று சிலர் கேட்கக்கூடும். நம் மொழியில் நாளைக்கு யார் வாசிக்கப் போகிறார்கள் என்பது இப்படிப்பட்ட வீட்டு விண்ணப்பங்களில்தான் முடிவாகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாட்டைவிட்டுப் போவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. நானும் தினமும் காலை ஐந்து மணிக்கு மோட்டாரில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்கிறவன்தான். உள்ளூர்ப் பல்கலைக்கழகப் பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே எவ்வளவு சம்பளம் கிடைக்கும், அங்கே மூன்று மடங்குக்கு மேல் போகும் வெள்ளியில் எவ்வளவு கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். மெட்ரிகுலேஷனில் இடம் கிடைக்காமல் எத்தனை வீட்டில் அழுதார்கள் என்பதும் தெரியும். போகிறவர்கள் போகட்டும். போகும்போது எதை மூட்டை கட்டுகிறோம், எதை வாசலில் விட்டுவிட்டுப் போகிறோம் என்பதுதான் என் கேள்வி.

சிங்கப்பூர் அரசாங்கப் பள்ளியில் வெளிநாட்டுப் பிள்ளையைச் சேர்ப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொடக்கநிலை ஒன்றில் சேர்க்க, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் முடித்த பிறகு மூன்றாம் கட்டத்தில் மிச்சமிருக்கும் இடத்துக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால், அனைத்துலக மாணவர்களுக்கான சேர்க்கைத் தேர்வு எழுத வேண்டும். எல்லாரும் ஏ.இ.ஐ.எஸ். என்பார்கள். தேர்வில் இருப்பது இரண்டே பாடம், ஆங்கிலமும் கணிதமும். தேர்ச்சி பெற்றாலும் பள்ளியை நாம் பொறுக்கி எடுக்க முடியாது. மதிப்பெண், காலி இடம், நாம் கொடுத்த வீட்டு முகவரி ஆகியவற்றைப் பார்த்து அமைச்சு ஓர் இடம் கொடுக்கும். கட்டணமும் ஒன்றல்ல. தொடக்கப்பள்ளியில் குடிமக்களின் பிள்ளைக்கு மாதம் அதிகபட்சம் 13 வெள்ளி. ஆசியான் நாட்டுப் பிள்ளைக்கு அதைப்போல் பல மடங்கு. ஆசியானுக்கு வெளியிலிருந்து வரும் பிள்ளைக்கு இன்னும் மேலே.

இந்த இரண்டு பாடத் தேர்வைச் சுற்றி ஒரு பெரிய டியூஷன் வியாபாரமே இருக்கிறது. பாப்பாவை மூன்றாம் ஆண்டின் நடுவில் பள்ளியை விட்டு நிறுத்தி அப்படி ஒரு நிலையத்தில் சேர்த்தார்கள். காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை ஆங்கிலம், கணிதம், மறுபடி ஆங்கிலம். அறிவியல் இல்லை, ஓவியம் இல்லை, திடல் இல்லை, தமிழும் இல்லை. அங்கே இருந்த ஆலோசகர் அக்காவிடம் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்களா? கொஞ்சம் கஷ்டம்தான். இனிமே வீட்டுல தமிழ்ல பேசாதீங்க. சேர்ந்ததும் தமிழுக்கு விலக்கு வாங்கிடுங்க. சுமை குறையும்." தமிழில்தான் சொன்னார். அவர் நம்மவர்.

சுமை. இந்த ஒரு சொல்லுக்கு முதலில் கணக்குப் போடுவோம். நான் பொறியாளன், கணக்கு போட்டுப் பழக்கம்.

சிங்கப்பூரில் தொடக்கநிலை ஆறில் எழுதும் பி.எஸ்.எல்.இ. தேர்வில் நான்கு பாடம்: ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி. 2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் ஏ.எல். 1 முதல் ஏ.எல். 8 வரை தரநிலை கொடுக்கிறார்கள். 1 சிறந்தது, 8 கடைசி. நான்கையும் கூட்டினால் வருவது பிள்ளையின் மொத்தம். குறைவாக இருந்தால் நல்லது. 20 வரை வாங்கியவர்கள் உயர்நிலைப்பள்ளிக்கு மூன்றாம் குழுவில் போகிறார்கள். 21, 22 என்றால் இரண்டாம் குழுவா மூன்றாம் குழுவா என்று தேர்ந்தெடுக்கலாம். 23, 24 என்றால் இரண்டாம் குழு.

தாய்மொழியில் விலக்கு வாங்கிய பிள்ளைக்கு என்ன ஆகும்? அந்தப் பாடத்தைச் சும்மா விட்டுவிட மாட்டார்கள். மற்ற மூன்று பாட மதிப்பெண்ணைப் பார்த்து ஒரு தரநிலையை அவர்களே போடுவார்கள். அது 6-லிருந்து 8-க்குள் இருக்கும். எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும் 6-ஐத் தாண்டி மேலே போக வழியே இல்லை.

இப்போது நம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியாவிலிருந்து போனவள். ஆங்கிலம் 6, கணிதம் 4, அறிவியல் 6 என்று வைப்போம். மொத்தம் 16. தமிழில் 80 மதிப்பெண் எடுத்தால் ஏ.எல். 3. ஆகக் கூடுதல் 19. மூன்றாம் குழு. அதே பிள்ளைக்கு விலக்கு வாங்கிக் கொடுத்தால் மிகச் சிறப்பாகப் போனாலும் 22, கொஞ்சம் சறுக்கினால் 23. சுமையைக் குறைக்கிறேன் என்று சொல்லி, அவள் ஓடும் ஓட்டத்தில் அவளுக்கு இருந்த ஒரே நல்ல காலைக் கட்டிவிடுகிறோம். இதைச் சொல்லித் தருவதற்கு அந்த நிலையத்தில் காசு வாங்குகிறார்கள்.

'ஓ, மதிப்பெண்ணுக்காகத்தான் தமிழா?' என்று உங்களில் ஒருவர் முகம் சுளிப்பது தெரிகிறது. எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் பிள்ளையின் எதிர்காலம், எதிர்காலம் என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறவர்களிடம் அவர்களுடைய கணக்கிலேயே பேசிப் பார்த்தேன். அந்தக் கணக்கிலும் அவர்கள் தோற்கிறார்கள். அப்படியானால் விலக்கு கேட்பதற்குக் காரணம் கணக்கு இல்லை. பயமும் கூச்சமும்தான். ஆங்கிலம் பேசும் வகுப்பில் நம் பிள்ளை 'தமிழ்ப்பள்ளிப் பிள்ளை' என்று தெரிந்துவிடக்கூடாது என்கிற கூச்சம்.

இந்தக் கூச்சம் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. ஏனென்றால் எங்கள் வீட்டுக்கு ஒரு கதை இருக்கிறது.

2003-இல் அக்கா முதலாம் படிவத்துக்குப் போனாள். அந்த இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு கிடையாது. 1996-ஆம் ஆண்டின் கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் பள்ளியில் தமிழ் கற்பிக்க வசதி செய்து தர வேண்டும். கேட்டால்தான். அம்மா ஒரு பள்ளிப் புத்தகத்தில் கோடு போட்டு, கப்சாய் மோட்டாரில் என்னை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு தாமான் தாமானாகப் போனார். எனக்கு அப்போது ஐந்தோ ஆறோ வயது. சில வீட்டில் கையெழுத்துப் போட்டார்கள். சில வீட்டில், "இதெல்லாம் எதுக்குங்க, எஸ்.பி.எம்.ல கூடுதல் பாடம்தானே?" என்று கேட்டார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்து விட்டார்கள். அம்மா பதினைந்து கையெழுத்து சேர்க்க மூன்று வாரம் ஆனது. வகுப்பு வந்தது. பள்ளி முடிந்த பிறகு, சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால், விசிறி ஓடாத ஓர் அறையில். அக்கா அங்கேதான் படிவம் ஐந்து வரை தமிழ் படித்தாள். பிறகு அதே பள்ளியில் நானும் படித்தேன்.

அதற்கும் முன்னால் போனால் இன்னும் ஓர் எண் இருக்கிறது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழிலிருந்து பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. என்ன பள்ளி? கொட்டகைதான். கிராணியோ கங்காணியோ வேலை முடிந்த நேரத்தில் சொல்லிக்கொடுத்த இடங்கள் உண்டு. பால்மரம் வெட்டுகிறவன் பிள்ளை பால்மரம் வெட்டவே போதுமான படிப்பு. துரை போட்ட பிச்சை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்தக் கொட்டகையிலிருந்துதான் இந்த நாட்டில் தமிழ் எழுதத் தெரிந்த தலைமுறைகள் வந்தன.

தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் வேண்டியிருந்தது. தாமானில் பதினைந்து கையெழுத்து வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் ஒன்றுமே வேண்டாம். அங்கே தமிழ் அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று, அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது. தமிழ்ப் பிள்ளை பள்ளியில் சேர்ந்ததும் தமிழ் ஒரு தேர்வுப் பாடமாகத் தானாக வந்து நிற்கும். பயிற்சி பெற்ற ஆசிரியர், அச்சடித்த புத்தகம், பாட அட்டவணைக்குள் நேரம். யாரும் கப்சாயில் போக வேண்டியதில்லை. கேட்காமலே கிடைக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்லத்தான் கடிதம் எழுத வேண்டும். அந்தக் கடிதத்தை எங்கள் வீட்டில் கேட்டார்கள். பதினைந்து கையெழுத்தில் படித்த அக்காவின் வீட்டில்.

சிங்கப்பூரைச் சொர்க்கம் ஆக்குகிறேன் என்று நினைக்காதீர்கள். அங்கே தமிழ்வழிப் பள்ளிகள் போய்விட்டன. கடைசியாக இருந்த உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982-இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலவழி. வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010 கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5. மீந்திருப்பது ஒரு பாடம். ஒரே ஒரு பாடம். வெளியிலிருந்து போகிற நாம், அந்த ஒரு பாடத்துக்கு ஆள் சேர்ப்பதை விட்டுவிட்டு, ஆள் குறைக்கிறோம். வகுப்பில் பிள்ளைகள் குறைந்தால் பிறகு என்ன நடக்கும் என்பதைத் தமிழ்ப்பள்ளி மூடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். மூன்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

ஒன்று, 'வீட்டில் பேசினால் போதும்.' போதாது. பேச்சு வீட்டில் வரும், எழுத்து வராது. இந்தக் கட்டுரையை வாசித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு 'அ' எழுதக் கைபிடித்தவர் யார்? என்னைச் சுற்றியிருப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்தான். பேச மட்டும் தெரிந்தவன் பாட்டியோடு பேசுவான். பாட்டி போனபிறகு யாரோடு பேசுவான்?

இரண்டு, 'நாளைக்கு வேறு நாட்டுக்கு மாறினால் தமிழால் என்ன பயன்?' ஆஸ்திரேலியாவுக்குப் போனால் விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தமிழ் ஒரு பாடம். இந்தியாவுக்குப் போனால் சி.பி.எஸ்.இ.யிலும் தமிழ் உண்டு. திரும்ப மலேசியாவுக்கே வந்தால் எஸ்.பி.எம்.மில் தமிழும் உண்டு, தமிழ் இலக்கியமும் உண்டு. இடமில்லாத மொழியைப் பிள்ளைமேல் ஏற்றுகிறோம் என்பது பொய். இடம் இருக்கிறதா என்று நாம் கேட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. அனைத்துலகப் பள்ளியில் சேர்க்கிறவர்களும் இதில் அடக்கம். நீச்சல்குளம் எத்தனை மீட்டர் என்று கேட்கிறோம். தமிழ் சொல்லித்தருவீர்களா என்று கேட்க வாய் வருவதில்லை.

மூன்று, 'பிள்ளைக்கு ஏற்கெனவே ஆங்கிலம் கஷ்டம், பாவம்.' இந்த வாதத்துக்கு மட்டும் என்னிடம் கோபம் இல்லை. இது அன்பிலிருந்து வருவது. ஆனால் அந்தப் பிள்ளையின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். ஆங்கில வகுப்பில் வாய் திறக்கப் பயம். அறிவியலில் சொல் புரியவில்லை. கணிதத்தில் கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. ஒரு நாளில் அவள் முட்டாள் இல்லை என்று அவளுக்கே தெரியும் ஒரு மணி நேரம் தமிழ் வகுப்பு. அதைப் பிடுங்குவதா அன்பு?

இனி நமக்கு வருகிறேன். பெற்றோரைத் திட்டுவது சுலபம். இலக்கியம் வாசிக்கிற நாம் என்ன செய்கிறோம்? 'தமிழ்ப்பள்ளி நமது தேர்வு' என்று ஜனவரியில் வாட்சாப் முகப்புப் படம் மாற்றுகிறோம். அந்த வாசகம் ஜொகூர் பாலம் வரைதான் செல்லுமா? நாவல் கருத்தரங்கில் அடுத்த தலைமுறை வாசகன் எங்கே என்று புலம்புகிறோம். அந்த வாசகனுக்கு இப்போது ஒன்பது வயது. நம் அக்கா வீட்டில், நம் சித்தப்பா வீட்டில், ஏதோ ஒரு நிலையத்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான். அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் சொந்தத்தில் சண்டை வரும் என்று சும்மா இருக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். பாப்பாவைப் பள்ளியை விட்டு நிறுத்தியபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. கடிதம் என் கைக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தேன்.

குடும்பத்தோடு போகிறவர்கள் உங்களுக்குத் தெரிந்து யாராவது இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள். வீடு வாடகைக்குப் பார்க்கும்போதே சுற்றியுள்ள பள்ளிகளில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் முகவரியை வைத்துத்தான் இடம் வரும், எல்லாப் பள்ளியிலும் தமிழ் இல்லை. தேர்வுக்குத் தயார் செய்யும் மாதங்களிலும் வாரம் ஒரு தமிழ்க் கதைப்புத்தகம் வாசிக்க வையுங்கள். தமிழ்ப்பள்ளி மதிப்பெண் அறிக்கையை ஒளிக்காமல் முதல் நாளே தமிழாசிரியரிடம் கொடுங்கள். உங்களிடம் யாராவது கடிதம் எழுதச் சொன்னால் எழுதாதீர்கள்.

பாப்பா விஷயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அத்தான் வேறு ஒருவரைப் பிடித்துக் கடிதம் எழுதினார். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. பிள்ளை இதற்குமுன் தமிழ் படித்திருக்கிறாள், தொடர்ந்து படிக்கலாம் என்று பதில் வந்தது. நான் இதை வெற்றி என்று கொண்டாடவில்லை. ஒரு தமிழ்க் குடும்பத்திடமிருந்து தமிழைக் காப்பாற்ற ஓர் அரசாங்க அலுவலகம் 'முடியாது' என்று சொல்ல வேண்டியிருந்தது. நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

இப்போது அவள் தமிழ் வகுப்பில் உட்காருகிறாள். போன மாதம் போயிருந்தபோது, "மாமா, இங்க பசங்க தமிழ் டீச்சர்கிட்டயே இங்கிலீஷ்லதான் பேசுறாங்க. வாசிக்கச் சொன்னா எல்லாரும் என்னைக் கையைக் காட்டுறாங்க" என்றாள். சலிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் வாசித்துக் காட்டவா என்று அவளாகவே புத்தகத்தை எடுத்தாள். அத்தான் சமையலறையில் இருந்தார். பாத்திரம் கழுவும் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது.

அம்மாவின் அந்தப் பள்ளிப் புத்தகம் எங்கள் வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கிறது. அடுத்த முறை பாலம் கடக்கும்போது அதை எடுத்துப் போய் அக்கா கையில் கொடுக்கப் போகிறேன். பதினைந்து பெயர் அதில் இருக்கிறது. அதில் சிலர் இப்போது கட்டாயம் பேரப்பிள்ளைகளோடு இருப்பார்கள். அந்தப் பேரப்பிள்ளைகள் எந்த நாட்டில், எந்தப் பள்ளியில், என்ன மொழி படிக்கிறார்கள் என்று யாராவது போய்க் கேட்க வேண்டும். இந்த முறை நாய் அவிழ்த்து விட்டாலும் பரவாயில்லை.